பழுதாகி வந்த கேசட்

உத்திரமேரூர்
6 ஆகஸ்ட் 2023

சிரஞ்சீவி ஸ்ரீனிக்கு,

ஜெகந்நாதனின் ஆசீர்வாதம். என் முழங்கால் பழையபடிதான். உன் அக்கா பத்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் நான் எதைச் சொன்னாலும் "என்ன, என்ன" என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு செய்தியை உன்னிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்மாவின் பிள்ளை ஸ்ரீகாந்த் மதராஸிலிருந்து வந்திருந்தான். கைப்போனில் ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டைக் காட்டினான். மஞ்சள் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் ஆடிக்கொண்டே பாடுகிறான். அவனுக்குப் பின்னால், ஒரு பியானோ மாதிரியான பெட்டியின் முன்னால், ஒல்லியாக ஒரு பையன் நிற்கிறான். தலைமுடி கண்ணை மறைக்கிறது. "மாமா, இது சின்ன மாமாதானே?" என்றான். நான் இல்லை என்றேன். பத்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இடது தோள்ல மூக்கைத் துடைச்சுக்கறான் பாரு, ஸ்ரீனியேதான். அந்தச் சனியன் பழக்கம் வேற யாருக்கு இருக்கு?" என்றாள்.

நாற்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்த படம் என்று ஸ்ரீகாந்த் சொல்கிறான்.

முப்பத்தோரு வருஷம் தாலுகா நிருபராக இருந்தேன். இரண்டு பேர் சொல்லாமல் ஒரு செய்தியையும் நான் மதராஸுக்கு அனுப்பியதில்லை. இப்போது ஒரு சாட்சிதான் இருக்கிறது, அதுவும் மூக்கை வைத்து. எங்களுக்குத் தெரிந்தவரை நீ உலோகப் படிப்புக்குப் போனாய், சிநேகிதர்களோடு கொஞ்ச நாள் வாத்தியம் வாசித்தாய், பிறகு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாய். இதில் மஞ்சள் கோட்டுக்காரன் எங்கே வருகிறான்? அது நீதானா? நீ என்றால் எந்த வருஷம்? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

நம் வீட்டு மருமகள் ஜேனட்டை விசாரித்ததாகச் சொல். பதிலைத் தாமதிக்காதே.

அன்புள்ள அண்ணா,
ஜெகந்நாதன்


ஷெஃபீல்ட்
27 ஆகஸ்ட் 2023

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஜேனட் சௌக்கியம். நானும் ஏறக்குறைய அப்படித்தான். காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம். இளம் வயதில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை, அதற்குள் சங்கீதமும் சத்தமும் ஒன்றாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அதனால் கடிதமே நல்லது.

படத்தில் இருப்பது நான்தான். வருஷம் 1984.

நான் இங்கே வந்த சமயத்தில் இரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. என்னோடு படித்த கோலினும், அவன் தெருக்காரன் டெரெக்கும், நானும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். பெயர் டாம்ப் ரூம்ஸ். ஓதம் பிடித்த அறைகள் என்று வைத்துக்கொள். நாங்கள் குடியிருந்த வீடு அப்படி. பாட்டு இனிமையாக இருந்தால் அது பொய் சொல்கிறது என்பது அப்போது எங்கள் கட்சி. கோலின், நீ பார்த்த மஞ்சள் கோட்டுக்காரன், கத்துவான். டெரெக் டிரம்மோடு ஒரு இரும்புத் தகட்டையும் அடிப்பான். நான் சிந்தசைசர் என்கிற அந்தப் பெட்டியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்திரிகைக்காரர்கள் அதற்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் வைத்தார்கள். கூட்டம் அதிகம் வராது. வந்தவர்கள் எங்களுக்காகச் சண்டை போடுவார்கள்.

பிறகு பாட்டு மாறியது. மாறிய முதல் பாட்டுதான் நீ பார்த்தது. இந்த நாட்டு விற்பனை வரிசையில் அது ஏழாவது இடம் வரை போயிற்று. அந்த வாரமே நான் குழுவை விட்டேன். அவர்கள் மஞ்சள் கோட்டோடு இன்னும் சில வருஷம் ஓட்டினார்கள். ஒவ்வொரு ரிக்கார்டும் முந்தியதை விடக் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் குறைந்த விற்பனை. கடைசியில் கடற்கரை விடுதிகளில் சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

கோலினும் நானும் அதற்குப் பிறகு பேசவில்லை. போன மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம். வரும் ஏப்ரலில் ஒரே ஒரு நாள் மூன்று பேரும் மேடையேறலாமா என்று கேட்கிறான். நிபந்தனை ஒன்றுதான். "அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று சொல். சொன்னால் உன் இடம் அப்படியே இருக்கிறது."

வாசிக்க ஆசைதான். இதை விட்டால் எனக்குக் காது இருக்காது. ஆனால் அதைச் சொல்ல முடியாது. பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் தம்பி,
ஸ்ரீனி


உத்திரமேரூர்
17 செப்டம்பர் 2023

சிரஞ்சீவி ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். உன் காதுக்கு நல்லெண்ணெய் விடச் சொல்கிறாள் பத்மா. டாக்டரைக் கேட்காமல் விடாதே என்று நான் சொல்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துப் படித்தேன். எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. "பாட்டு மாறியது" என்று எழுதியிருக்கிறாய். பாட்டு எப்படித் தானாக மாறும்? ஒரு வருஷம் ஏரிக்கரை தானாக உடைந்தது என்று ஒரு அதிகாரி சொன்னார். யார் உடைத்தது என்று கேட்டேன். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. உன்னையும் கேட்கிறேன். மாற்றியது யார்? கோலின் கேட்கும் "அப்படி" என்பது எப்படி? ஏழாவது இடத்துக்குப் போன குழுவை அந்த வாரமே ஒருவன் ஏன் விடுகிறான்? தோற்ற வாரம் விட்டால் எனக்குப் புரியும்.

இன்னொன்று. உங்கள் சங்கீதத்தை நாங்கள் கேட்காமல் இல்லை. கேட்க முயன்றோம். 1982 கோடையில் நீ ஒரு கேசட் அனுப்பினாய். நினைவிருக்கிறதா? அப்பா, பத்மா, நான் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரில் போட்டோம். கரகரவென்று சத்தம். யாரோ தகரக் கொட்டகையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மிஷின் கெட்டுடுத்துடா, அணைச்சுடு" என்று கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். நான் பெட்டியையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத் போனேன். ரேடியோ ரிப்பேர்க்கார முனிரத்தினம் ஹெட்டைக் கழுவி, பெல்ட் மாற்றி, திரும்பப் போட்டும் அதே கரகர. "டேப்பு இய்த்துக்கிச்சு சார், இனிமே தேறாது" என்று சொல்லிவிட்டான். நானும் சும்மா விடவில்லை. தபால் இலாகாவுக்குப் புகார் எழுதினேன். உனக்கும் அன்றே எழுதினேன்: கேசட் வழியில் பழுதாகி வந்திருக்கிறது, இரண்டு பக்கமும் கேட்கும்படி இல்லை, வேறு நல்லதாக ஒன்று அனுப்பு என்று.

நீ அனுப்பவே இல்லை. இப்போதாவது அனுப்பு. நிதானமாகக் கேட்க எனக்குப் பொழுது இருக்கிறது.

எதிர்பார்க்கும் அண்ணா,
ஜெகந்நாதன்


உத்திரமேரூர்
22 அக்டோபர் 2023

ஸ்ரீனி,

அக்கா எழுதுகிறேன். நீயும் ஜேனட்டும் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு என்ன கோபம்? அண்ணா எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் தபால் மூட்டை வருகிற வேளைக்குக் காலை இழுத்துக்கொண்டு போஸ்டாபீஸ் போகிறார். கேட்டால், கல்வெட்டு பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லப் போனேன் என்கிறார். கல்வெட்டு இருக்கிற பெருமாள் கோயில் ஒரு பக்கம், போஸ்டாபீஸ் ஒரு பக்கம். "என்ன எழுதினேள் அவனுக்கு?" என்று கேட்டேன். "விவரம் கேட்டேன். அவ்வளவுதான்" என்றார். இவர் விவரம் கேட்கிற தினுசு எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது அவரிடம் விவரம் கேட்டே அரைமணி நேரம் அழவைத்தவர்.

அந்த மஞ்சள் கோட்டுப் பாட்டை ஸ்ரீகாந்த் என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். காய் நறுக்கும்போது தினமும் கேட்கிறேன். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வெண்டைக்காய் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எதிர்வீட்டு ரேணுகா, "இன்னா மாமி, இங்கிலீஷ் பாட்டுல எறங்கிட்டீங்க?" என்று கேலி பண்ணுகிறாள். "என் தம்பி வாசிக்கறான்டி" என்றேன். நம்பவில்லை.

ஒன்று கவனித்தேன். அவன் முதல் அடியை இரண்டு தரம் பாடுகிறான், முடிக்கும்போதும் கடைசி அடி இரண்டு தரம். கோயிலில் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் நாம் முதல் பாசுரத்தையும் கடைசிப் பாசுரத்தையும் இரண்டு தரம் சேவிப்போமே, அப்படி. நீ சொல்லிக்கொடுத்ததா?

ஒரு வரி போடு. அண்ணாவுக்கு வேண்டாம் என்றால் எனக்குப் போடு.

அக்கா,
பத்மாசினி


ஷெஃபீல்ட்
8 நவம்பர் 2023

அக்காவுக்கு நமஸ்காரம்.

கோபமெல்லாம் இல்லை. உடம்புக்கும் ஒன்றும் புதிதாக இல்லை. இங்கே நாலரை மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கிறது. நீ வெண்டைக்காய் நறுக்குவதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

நீ கவனித்தது சரி. இங்கே நாற்பது வருஷமாக எத்தனையோ பேர் எழுதியும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் முதல்முதலாக ஒரு சாராயக் கடையின் மாடியில் வாசித்தபோது நடந்தது அது. முதல் பாட்டு முடிந்தது. எனக்கோ கூட்டத்தைப் பார்த்துப் பயம். பயந்தால் பழக்கம்தானே வரும்? என் கை திரும்பவும் முதல் பாட்டையே தொடங்கிவிட்டது. டெரெக் என்னைத் திட்டிக்கொண்டே அடித்தான். கோலின் வேறு வழியில்லாமல் திரும்பக் கத்தினான். கடைசிப் பாட்டுக்கும் அதே கதி. மறுநாள் ஒரு பத்திரிகையில், கேட்கிறவர்களை மதிக்காத துணிச்சல் என்று புகழ்ந்து எழுதினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் இரண்டு தரம். அப்பா கோஷ்டியில் சொல்லிக்கொடுத்தது என்று யாரிடம் சொல்ல? பாட்டு இனிப்பான பிறகு ரிக்கார்டுக் கம்பெனிக்காரர்கள் அதை வேண்டாம் என்றார்கள். கோலின் முதல் அடி, கடைசி அடி என்று சுருக்கிக்கொண்டான்.

அண்ணாவிடம் கேசட் இப்போது கிடைப்பதில்லை என்று சொல். கோலினுக்கு நான் வரவில்லை என்று எழுதிவிட்டேன். அந்த விஷயம் முடிந்தது.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க இங்கே வெந்நீர் மட்டும் உண்டு.

உன்,
ஸ்ரீனி


உத்திரமேரூர்
26 நவம்பர் 2023

சிரஞ்சீவி ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். தீபாவளி குறைவில்லாமல் நடந்தது. மழை இன்னும் போதவில்லை, ஏரி பாதிதான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பண்டிகைக்கு ஸ்ரீகாந்த் வந்தான். உன் குழு மஞ்சள் கோட்டுக்கு முன்னால் போட்ட ரிக்கார்டு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாம் போனிலேயே இருக்கிறது என்று தேடி எடுத்தான். 1981 என்று போட்டிருந்தது. ஒரு சின்ன ஒலிபெருக்கியில் இணைத்து வைத்தான். தகரக் கொட்டகையை இழுக்கும் சத்தம் வந்தது. அடுப்படியிலிருந்து பத்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "அண்ணா, இது அந்தக் கெட்டுப்போன கேசட் இல்லையோ?" என்றாள்.

ஸ்ரீகாந்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கெட்டுப்போகல அம்மா, ஒரிஜினலே இதுதான். இதைப் பத்திப் புஸ்தகமே போட்டிருக்கா" என்றான்.

எனக்கு அப்போதும் சந்தேகம். மறுநாள் அவன் போனை வாங்கிக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். பாலாற்றைத் தாண்டும்போது, தவறாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முனிரத்தினம் இப்போது மகனோடு மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ரிப்பேர் செய்கிறான். பாட்டைப் போட்டுக் காட்டினேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

"அட, இது நம்ம ஹெட்டு கய்வன கேசட்டாச்சே சார்! டேப்பு இய்த்துக்கிச்சுன்னு சொன்னேனே. இது எப்டி போனுக்குள்ள பூந்துச்சு?"

"அது இழுத்துக்கலப்பா. பாட்டே அப்படித்தானாம்."

"இன்னா சார் சொல்றீங்கோ? வேணும்னே இப்டி பாடிக்கினாங்களா?" கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "அப்ப நான் மாத்தன பெல்ட்டு?"

"பெல்ட்டு நல்லாத்தான் இருந்திருக்கு."

"நாப்பது வருசம் கயிச்சு வந்து பேஜார் பண்றீங்களே சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு சாட்சிகள் ஆகிவிட்டன. ஆகவே 1982-ல் நீ அனுப்பிய கேசட் பழுதாகி வரவில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. உனக்கு என் கடிதம் கிடைத்த அன்றே தெரிந்திருக்கும். நீ ஏன் மறுத்து எழுதவில்லை? "கேசட் சரியாகத்தான் இருக்கிறது, பாட்டு அப்படித்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே? கோலினுக்கு நீ சொல்ல முடியாதது இதைச் சேர்ந்ததா? எனக்குப் பிடி கிடைக்கவில்லை. விவரம் எழுது.

ஜெகந்நாதன்


ஷெஃபீல்ட்
17 டிசம்பர் 2023

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

புயல் செய்தியை டிவியில் பார்த்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? முதலில் அதை எழுது.

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. அடுப்படியில் நின்று படித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. தபால் இலாகாவுக்குப் புகார் வேறு! டெரெக்கும் கோலினும் எதற்குச் சிரிக்கிறாய் என்றார்கள். வீட்டுச் செய்தி என்று மழுப்பிவிட்டேன். சாயங்காலத்துக்குள் சிரிப்பு போய்விட்டது.

நீ பொய் எழுதுகிறவன் இல்லை. நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டீர்கள். உங்கள் காதுக்கு அது பழுதாகத்தான் வந்து சேர்ந்தது. அதை மறுத்து நான் என்ன எழுத முடியும்? "அப்பா, மிஷின் கெடவில்லை, உங்கள் பிள்ளை வாசிப்பதே அப்படித்தான்" என்றா? "வேறு நல்லதாக ஒன்று அனுப்பு" என்று கேட்டிருந்தாய். நல்லதாக ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் அண்ணா. பாட்டு தானாக மாறவில்லை. மாற்றியவன் நான். அப்பா அணைக்கச் சொல்லாத ஒரு பாட்டு வேண்டும் என்று, அக்காவின் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இழைத்தேன். கரகரப்பான இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். கோலின் முதலில் என் மேல் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு அவனுக்கு மஞ்சள் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். பழைய ரசிகர்கள் மேடையில் எங்கள் மேல் பீரை ஊற்றினார்கள். பாட்டு ஏழாவது இடத்துக்குப் போயிற்று. பஸ்ஸில், கடையில், பல் டாக்டர் வீட்டில், எங்கே போனாலும் அது. உங்களுக்கு அனுப்ப ஒரு கேசட்டில் பதிந்து, மேலே விலாசம்கூட எழுதிவிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். அதுவும் பழுதாகி வந்திருக்கிறது என்று நீ எழுதினால்? என்னால் போட முடியவில்லை. போடாத பிறகு அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த வாரமே விட்டுவிட்டேன்.

நான் காசுக்காகவும் கம்பெனிக்காகவும் அவனை விற்றேன் என்று கோலின் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். சாராயக் கடை மாடியிலிருந்து அவன் கட்டிய குழுவை, ஒரு தபால் புகாருக்காக நான் கவிழ்த்தேன் என்று எப்படிச் சொல்வேன்? அதைவிட அவன் நினைப்பதே கௌரவமாக இருக்கிறது.

ஸ்ரீனி


உத்திரமேரூர்
7 ஜனவரி 2024

சிரஞ்சீவி ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பின்கட்டுச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது, கொத்தனாரை வைத்து நிமிர்த்தியாயிற்று. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் போயிற்று. ஊரே போய் வேடிக்கை பார்த்தது, நானும் போனேன். வெண்டைக்காய் வரத்து இல்லை, பத்மா கத்தரிக்காய் நறுக்குகிறாள். மார்கழி என்பதால் கோயிலில் விடியற்காலையிலேயே கூட்டம். குளிர் இந்த வருஷம் சுமார்.

உன் கடிதத்தைப் பத்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து, "என் மூஞ்சியை வச்சுண்டா அதைப் பண்ணினான்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோலினிடம் சொல்லிவிடு. உள்ளதை உள்ளபடி சொல். கௌரவம் பார்த்து விட்டுப்போன செய்தி பிறகு எத்தனை கோணலாக வந்து நிற்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான் என்றும் சொல். என் பெயரையும் விலாசத்தையும் கொடு. அவருக்குச் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதட்டும், பதில் போடுகிறேன்.

அப்பா அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியாததை எழுதக்கூடாது.

ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணா,
ஜெகந்நாதன்


ஷெஃபீல்ட்
28 ஏப்ரல் 2024

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் ஒத்திகை. காது அதற்கே சரியாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கத் தெம்பில்லை. ஜேனட்தான் சோறு போட்டு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் கோலின் வீட்டுக்குப் போனேன். இப்போது குழந்தைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுக்கிறான். தலையில் ஒரு முடி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தபால் புகார் வந்ததும் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. எழுந்து நின்றான். நாற்காலியைத் தூக்குவானோ என்றுகூடத் தோன்றியது.

"அப்புறம்? அந்த இன்னொரு பாட்டை உன் அண்ணன் கேட்டாரா?"

"போன வருஷம் வரை இல்லை. நான் அனுப்பவே இல்லை."

"இந்த நாடு பூராவும் கேட்டது. பல் டாக்டர் கேட்டான். எங்கள் அம்மா செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி ரேடியோவில் அது ஓடியது. யாருக்காகச் செய்தாயோ அவர்கள் நாற்பது வருஷம் கேட்கவில்லையா?"

"முட்டாள்" என்றான். அது எனக்கா, உனக்கா, அவனுக்கேயா என்று கேட்கவில்லை. பிறகு டெரெக்குக்குப் போன் செய்து ஒத்திகைக்கு நாள் குறித்தான்.

போன சனிக்கிழமை வாசித்தோம். மண்டபம் நிறைந்திருந்தது, எல்லோரும் கிழவர்கள். முதல் பாட்டு இரண்டு தரம். கடைசிப் பாட்டு மஞ்சள் கோட்டுப் பாட்டு. முதல் தரம் அக்காவுக்குத் தெரிந்த மாதிரி. அது முடிந்ததும் கோலின் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். இரண்டாம் தரம் அதே பாட்டைத் தகடும் கரகரப்புமாகப் பழைய தினுசில் வாசித்தோம். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு வலது காது ஓய்ந்துவிட்டது. வருத்தமில்லை.

டெரெக் எல்லாவற்றையும் ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தான். இந்தத் தடவை தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். தனிப் பார்சலாக வரும்.

உங்கள்,
ஸ்ரீனி


உத்திரமேரூர்
2 ஜூன் 2024

சிரஞ்சீவி ஸ்ரீனிக்கு,

ஆசீர்வாதம். வெயில் கடுமை. பத்மாவுக்கும் எனக்கும் வேறு குறையில்லை. உன் இடது காதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

பார்சல் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கேசட் போட ஊரில் ஒரு வீட்டிலும் பெட்டி இல்லை. முனிரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினேன். பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து, தானே பஸ்ஸில் கொண்டுவந்தான். ஹெட்டைக் கழுவிவிட்டுத்தான் கேசட்டை உள்ளே விட்டான். கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். ரேணுகாவும் வந்திருந்தாள்.

முதல் பாட்டு தொடங்கியதும் முனிரத்தினம் என்னைப் பார்த்தான். "இன்னா சார், இன்னும் ரிப்பேர் ஆவலியா?" என்றான். பத்மா அவனை அதட்டி உட்காரவைத்தாள்.

எனக்குப் புரிந்தது என்று எழுதினால் அது பொய். பெரும்பாலும் புரியவில்லை. ஆனால் யாரும் அணைக்கவில்லை. ஒரு இடத்தில் எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஒரே சுரம் விடாமல் நின்றுகொண்டிருந்தது. அது நீ என்று பத்மா சொன்னாள். அதன் பிறகு நான் அதை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். மஞ்சள் கோட்டுப் பாட்டு வந்தபோது அவள் கூடவே முணுமுணுத்தாள். இரண்டாம் தரம் தகடு அடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அந்தக் கரகரப்பிலும் பாடினாள்.

முடிந்ததும் யாரும் சொல்லாமலே முனிரத்தினம் டேப்பைப் பின்னால் ஓட்டி, கடைசிப் பாட்டைத் திரும்பவும் போட்டான்.

இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நீ அனுப்பிய கேசட் கிடைத்தது. இரண்டு பக்கமும் கேட்டோம். நல்ல நிலையில் வந்து சேர்ந்திருக்கிறது.

அண்ணா,
ஜெகந்நாதன்